லேப்டாப் எந்த பிராண்டில் வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றைக் கேட்பவர்களின் வார்த்தையிலேயே கீழே தொகுத்திருக்கிறோம். விலை இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் எதற்கும் விலை போடவில்லை.

எந்த கம்பெனி லேப்டாப் நல்லா இருக்கும்? ஒரே பேரா சொல்லுங்க.

ஒரு பெயரைச் சொன்னால் அது தப்பான பதிலாகத்தான் இருக்கும். ஏனென்றால் பெரிய கம்பெனிகள் எல்லாமே இரண்டு தரத்தில் லேப்டாப் விற்கின்றன. ஒன்று வீட்டு உபயோக வரிசை, இன்னொன்று அலுவலகங்களுக்கு மொத்தமாக விற்கும் வரிசை. லெனோவோவில் ஐடியாபேட் வீட்டுக்கு, திங்க்பேட் அலுவலகத்துக்கு. எச்பியில் பெவிலியன் ஒரு பக்கம், எலைட்புக்கும் ப்ரோபுக்கும் மறுபக்கம். டெல்லில் இன்ஸ்பிரான், லாட்டிட்யூட். ஏசரில் ஆஸ்பயர், ட்ராவல்மேட். ஆசஸில் விவோபுக், எக்ஸ்பர்ட்புக்.

ஒரே கம்பெனியின் இந்த இரண்டு வரிசைகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசம், இரண்டு கம்பெனிகளின் அலுவலக வரிசைகளுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரியது. ஆகவே முதலில் வரிசையை முடிவு செய்யுங்கள். அடுத்து, உங்கள் ஊரில் எந்த கம்பெனியின் சர்வீஸ் ஒழுங்காக நடக்கிறது என்று விசாரியுங்கள். பிராண்டு பெயர் மூன்றாவதாக வந்தால் போதும்.

பெயர்களும் நிலையாக இருப்பதில்லை. 2025 தொடக்கத்தில் டெல் லாட்டிட்யூட் என்ற பெயரைக் கைவிட்டு ‘டெல் ப்ரோ’ என்று வைத்தது. எச்பி 2024இல் வீட்டு வரிசைக்கு ‘ஆம்னிபுக்’ என்று பெயர் மாற்றத் தொடங்கியது. பழைய பெயரையும் புதுப் பெயரையும் சேர்த்துத் தேடினால்தான் முழு விவரம் கிடைக்கும்.

அலுவலக வரிசைன்னா என்ன பெருசா வித்தியாசம்? அதே ஐ5, அதே 16 ஜிபி ரேம், விலை மட்டும் ஏறுதே?

ஸ்பெக் பட்டியலில் தெரியாத இடங்களுக்குத்தான் அந்தக் காசு போகிறது. கீல் பிடிக்கும் இடத்தில் உலோகச் சட்டம் இருக்கும். கீபோர்டு நன்றாக இருக்கும், பல மாடல்களில் தனியாகக் கழற்றி மாற்றவும் முடியும். வீட்டு வரிசையில் பெரும்பாலும் கீபோர்டை மேல் மூடியோடு பிளாஸ்டிக் உருக்கி ஒட்டியிருப்பார்கள். ஒரு விசை போனால் முழு மேல்பாகத்தையும் மாற்றச் சொல்வார்கள். உதிரிபாகமும் பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவிடும் உள் மென்பொருள்) அப்டேட்டும் அதிக வருடம் வரும். ஆயிரக்கணக்கில் வாங்கும் நிறுவனங்கள் அதைக் கேட்டு வாங்குகின்றன. அதன் பலன் ஒன்று வாங்குபவருக்கும் கிடைக்கிறது.

குறையும் உண்டு. அலுவலக வரிசையின் அடிமட்ட மாடல்களில் ஸ்கிரீன் மங்கலாக இருக்கும், ஸ்பீக்கர் சுமார்தான். படம் பார்க்கவும் போட்டோ திருத்தவும் வாங்குகிறவர் ஏமாந்து போவார். மேலும் அந்த வரிசைக்குள்ளேயும் படிகள் உண்டு: திங்க்பேடில் டி, எக்ஸ் மேலே, இ கீழே, எச்பியில் எலைட்புக் மேலே, ப்ரோபுக் 400 கீழே, லாட்டிட்யூடில் 7000, 5000 மேலே, 3000 கீழே. கீழ்ப்படி மாடல்கள் வீட்டு வரிசைக்குக் கொஞ்சம் பக்கத்தில்தான் இருக்கும்.

எல்லா லேப்டாப்பும் ஒரே ஃபேக்டரியிலதான் செய்யறாங்களாமே? அப்ப பிராண்டு எதுக்கு?

பாதி உண்மை. குவான்டா, காம்பால், விஸ்ட்ரான், இன்வென்டெக், பெகாட்ரான் என்று சில தைவான் நிறுவனங்கள்தான் உலகின் பல பிராண்டுகளுக்கும் லேப்டாப் செய்து கொடுக்கின்றன. ஆனால் எந்த பிளாஸ்டிக், எத்தனை திருகு, எந்த பேட்டரி, எவ்வளவு சோதனை என்பதை ஆர்டர் கொடுக்கும் பிராண்டு தீர்மானிக்கிறது. விற்ற பிறகு வாரண்டியும் அப்டேட்டும் அதன் பொறுப்பு.

பிராண்டைத் தாண்டிய கோளாறுகளும் வந்திருக்கின்றன. என்விடியா 2008இல் தன் லேப்டாப் கிராபிக்ஸ் சில்லுகள் சிலவற்றில் பேக்கேஜிங் பலவீனம் இருப்பதை ஒப்புக்கொண்டது. டெல், எச்பி, ஆப்பிள் என எல்லா வீட்டிலும் இழவு விழுந்தது. நல்ல பெயர் எடுத்த கம்பெனியும் சறுக்கும்: ஆப்பிள் 2015 முதல் 2019 வரை மேக்புக்குகளில் போட்ட மெல்லிய ‘பட்டர்ஃபிளை’ கீபோர்டில் தூசி புகுந்து விசைகள் சிக்கிக்கொண்டன. கடைசியில் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

நெட்டுல எந்த பிராண்டைத் தேடினாலும் திட்டித்தான் எழுதியிருக்காங்க. எதை நம்பறது?

அதிகம் விற்கும் பிராண்டுக்குத் திட்டும் அதிகம் விழும். அதனால் திட்டின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரே மாடலில் ஒரே பாகத்தைப் பற்றி வெவ்வேறு பேர் சொல்கிறார்களா என்று பாருங்கள். ‘மோசம், வாங்காதீங்க’ என்று நூறு பேர் எழுதுவதைவிட, ‘ஒன்றரை வருடத்தில் இடது கீல் விட்டுப்போச்சு’ என்று ஐந்து பேர் எழுதுவது முக்கியம்.

வாங்கிய வாரமே போடும் ஐந்து நட்சத்திரத்துக்கு மதிப்பில்லை. மாடல் பெயரோடு கீல், பேட்டரி வீக்கம், சார்ஜிங் போர்ட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடுங்கள். மாடல் வந்து ஒரு வருடமாவது ஆகியிருந்தால்தான் இந்தத் தேடல் எதையாவது சொல்லும்.

மாடல் பேரு ஒண்ணுதான். ஒரு இடத்துல விலை கம்மி, இன்னொரு இடத்துல அதிகம். ஏன்?

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்காது. இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஒரே மாடல் பெயரில் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) மங்கல் ஸ்கிரீனும் வரும், 400 நிட்ஸ் நல்ல ஸ்கிரீனும் வரும். பேட்டரியின் கொள்ளளவு 42 வாட் அவராகவும் இருக்கலாம், 57 ஆகவும் இருக்கலாம். ரேம் ஒற்றைக் குச்சியா இரட்டையா, கீபோர்டுக்கு லைட் உண்டா, டைப்-சி போர்ட்டில் சார்ஜ் ஏறுமா என்பதெல்லாம் மாறும். விமர்சனம் செய்பவர் கையில் மேல்நிலை மாடல் இருக்கும். விலை குறைவாகக் கிடைப்பது கீழ்நிலை மாடலாக இருக்கும்.

அதனால் முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். லெனோவோவில் அது 10 எழுத்து, எண் கொண்ட ‘எம்டிஎம்’. எச்பியில் ‘பிராடக்ட் நம்பர்’. டெல்லில் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் 7 எழுத்து ‘சர்வீஸ் டேக்’. அதைக் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் போட்டால் அந்த மெஷினின் விவரம் வரும். லெனோவோ தன் மாடல்களின் முழு விவரத்தையும் ‘பிஎஸ்ஆர்இஎஃப்’ என்ற தளத்தில் பொதுவில் வைத்திருக்கிறது. ஸ்கிரீனின் நிட்ஸ் முதல் ரேம் ஸ்லாட் எண்ணிக்கை வரை அதில் இருக்கும். விற்பவர் முழு எண்ணைத் தர மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.

ஐ5 போதுமா, ஐ7 வேணுமா? ரைசன் நம்பலாமா?

இன்டெல் சில்லுகளில் ஐ5, ஐ7 என்பதைவிடப் பெயரின் கடைசி எழுத்து முக்கியம். ‘யூ’ என்று முடிந்தால் அடிப்படையில் 15 வாட் அளவில் ஓடும் சிக்கன ரகம். ‘ஹெச்’ என்றால் 45 வாட் ரகம். எழுதுவது, கணக்கு, இணையம், வீடியோ கால் இவற்றுக்கு யூ ரக ஐ5 தாராளம். மெல்லிய உடம்புக்குள் ஹெச் ரக ஐ7 போட்டால் சூட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசுக்கு ஃபேன் சத்தம்தான் கிடைக்கும்.

ஏஎம்டி கம்பெனியின் சில்லான ரைசனைத் தாராளமாக நம்பலாம். ஆனால் 2023இல் வந்த 7000 வரிசை லேப்டாப் சில்லுகளில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள் வடிவமைப்பின் வயதைச் சொல்லும். 7520யூ என்றால் 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு; 7530யூ ஜென் 3; 7540யூ ஜென் 4. மூன்றுமே ‘ரைசன் 5’ என்றுதான் விற்கும். இன்டெலிலும் இதே கதைதான்: 2024 தொடக்கத்தில் வந்த ‘கோர் 5 120யூ’ கேட்கப் புதிதாக இருந்தாலும் 13வது தலைமுறையின் மறுபதிப்பு. மறுபதிப்பு என்பதால் மோசமில்லை. புது விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

8 ஜிபி ரேம் போதாதா?

இன்று வாங்கி ஐந்து வருடம் ஓட்டுவது என்றால் போதாது. 16 ஜிபி எடுங்கள். ஐ5இல் 16 ஜிபி, ஐ7இல் 8 ஜிபி என்று ஒரே விலையில் இரண்டு இருந்தால் யோசிக்காமல் முதலாவது.

8 ஜிபியே வாங்கிப் பிறகு கூட்டலாம் என்றால், முதலில் ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். எல்பிடிடிஆர் என்று தொடங்கும் ரேம் அநேகமாக எப்போதும் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். பிறகு கூட்டவே முடியாது. சிலவற்றில் 8 ஜிபி சால்டர், கூடவே ஒரு காலி ஸ்லாட் இருக்கும். அதில் இன்னொரு 8 ஜிபி போட்டால் இரட்டைத் தடத்தில் ஓடி, உள்ளமை கிராபிக்ஸின் வேகமும் கூடும்.

எஸ்எஸ்டியிலயும் பார்க்க ஏதாவது இருக்கா?

ஃபைல்களைச் சேமிக்கும் பாகம் எஸ்எஸ்டிக்குப் பதில் ‘இஎம்எம்சி’ என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள்; அது மெதுவானது, மதர்போர்டிலேயே ஒட்டியிருப்பதால் மாற்றவும் முடியாது. எம்.2 ஸ்லாட்டில் என்விஎம்இ எஸ்எஸ்டி என்றால் சரி. பிறகு பெரியது மாற்றிக்கொள்ளலாம். வழக்கமான அளவு 2280, அதாவது 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். சில மாடல்களில் 2242 என்ற குட்டை ரகம்தான் உள்ளே உட்காரும். மாற்று வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரீன்ல ஃபுல் எச்டின்னா போதும்தானே?

புள்ளிகளின் எண்ணிக்கையோடு இன்னும் மூன்றைப் பாருங்கள். பேனல் ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ரகம்) ஆக இருக்க வேண்டும். வெளிச்சம் 300 நிட்ஸாவது வேண்டும். 250 என்றால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. நிறத்தை என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்ற இரண்டு அளவுகோல்களில் சொல்வார்கள்; ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று போட்டிருந்தால் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் சுமார் 60 சதவீதம்தான் காட்டும், சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். 72 சதவீதம் என்டிஎஸ்சி என்பதும் 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்பதும் ஏறக்குறைய ஒன்றே.

ஓஎல்இடி ரகத் திரை கண்ணுக்கு அழகு. ஆனால் ஒரே டாஸ்க்பார் நாள் முழுக்க நிற்கும் வேலைக்கு வருடங்கள் போனால் தடம் விழலாம். வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது சில பேனல்கள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். தலைவலி வருகிறவர்கள் தவிர்க்கலாம்.

கீல்கிட்ட உடைஞ்சு போச்சுன்னு நிறைய பேர் சொல்றாங்க. வாங்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். முதலில் எப்படி உடைகிறது என்று தெரிய வேண்டும். கீல் என்பது இறுக்கமான எஃகுத் துண்டு. அது அரிதாகத்தான் உடையும். உடைவது அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக். விலை குறைந்த மாடல்களில் கீலின் பாதத்தை இரண்டு, மூன்று சிறு திருகுகளால் பிடித்திருப்பார்கள். அந்தத் திருகுகள் இறங்குவது பிளாஸ்டிக் தூண்களுக்குள் சூடாக்கிப் பதித்த பித்தளை நட்டுகளில். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தத் தூண் மேல்நோக்கி இழுபடுகிறது. ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கும் பழக்கம் இருந்தால் மொத்த இழுப்பும் ஒரு பக்கத்தில் விழும். ஒருநாள் பித்தளை நட்டு தூணோடு பிய்த்துக்கொண்டு வரும். அப்போது மூடியைத் திறந்தால் உடம்பின் மூலை வாய் பிளக்கும்.

வாங்கும்போது மூடியை நடுவில் பிடித்து மெதுவாகத் திறந்து, கீலுக்குப் பக்கத்தில் இருக்கும் இணைப்புக் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு விரிந்து மூடினாலோ, கிரீச் என்று சத்தம் வந்தாலோ வேண்டாம். திரையின் கீழ்ச் சட்டம் வளைவதும் அதே அறிகுறி. டெல், எச்பி, லெனோவோ மூன்றும் சர்வீஸ் கையேட்டை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கின்றன. அதில் கீல் கழற்றும் பக்கத்தில் படம் இருக்கும். திருகுகள் உலோகத் தட்டில் இறங்குகின்றனவா, வெறும் பிளாஸ்டிக்கிலா என்று அதிலேயே தெரிந்துவிடும். வாங்கும் முன் ஐந்து நிமிடம் செலவழித்துப் பார்க்க வேண்டிய பக்கம் அது.

ஏற்கெனவே விரிசல் விட்டுவிட்டதா? மூடித் திறப்பதை அன்றே நிறுத்துங்கள். டிஸ்ப்ளே கேபிளும் வைஃபை ஆன்டெனா வயரும் கீல் வழியாகத்தான் போகின்றன. அவை அறுந்தால் செலவு பல மடங்காகும். ஆரம்பத்திலேயே கொண்டு போனால் தூணை எபாக்ஸி பசை வைத்துக் கட்டிவிடுவார்கள். வெளியே சூப்பர் க்ளூ விடாதீர்கள். அது கீலுக்குள் ஓடி இறுகி, இன்னொரு பக்கத்தையும் உடைக்கும்.

‘மிலிட்டரி தரம்’னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே? கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதா?

ஆகும். மில்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறைகளின் தொகுப்பு. வெப்பம், குளிர், அதிர்வு, தூசி, விழுதல் என்று அதில் நிறைய இருக்கின்றன. எதைச் செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுக்கலாம். செய்து பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் பொது அமைப்பு எதுவும் கிடையாது. எத்தனை சோதனை, என்னென்ன என்று பட்டியல் கொடுக்கும் கம்பெனியின் பேச்சுக்குக் கொஞ்சம் எடை உண்டு. வெறும் ஸ்டிக்கருக்கு இல்லை. விழுந்து உடைந்தால் வாரண்டியும் கைகொடுக்காது.

லேப்டாப் கொதிக்குது, ஃபேன் கத்துது. பிராண்டு கோளாறா?

கனமான வேலையில் சில்லு 90 டிகிரியைத் தாண்டுவது இன்றைய லேப்டாப்களில் சகஜம். ஒன்றுமே செய்யாதபோது கத்தினால்தான் கவலைப்பட வேண்டும். புதிதாக இருந்தால் பின்னணியில் அப்டேட் ஓடும்; ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு வருடம் ஆனதில் பெரும்பாலும் ஃபேனுக்கும் ரேடியேட்டர் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளம் மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போகாது. அடிமூடியைக் கழற்றி எடுக்க வேண்டும். மெத்தை மேல் வைத்து ஓட்டினால் அடியில் காற்று இழுக்கும் துளைகள் அடைபடும். இதற்கு எந்த பிராண்டும் விலக்கில்லை.

பேட்டரி 10 மணி நேரம் வரும்னு போட்டிருக்கு. உண்மையா?

மணிக்கணக்கை விட்டுவிட்டு வாட் அவரைப் பாருங்கள், கணக்கு நீங்களே போடலாம். யூ ரக லேப்டாப் எழுத்து வேலையில் சுமார் 6 முதல் 8 வாட் இழுக்கும். வீடியோ காலில் 15 வாட் வரை போகும். 50 வாட் அவர் பேட்டரி என்றால் முதலாவதில் ஆறு முதல் எட்டு மணி நேரம், இரண்டாவதில் மூன்றரைக்குக் கொஞ்சம் கீழே. கம்பெனி சொல்லும் 10 மணி நேரம் பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து ஒரே வீடியோவை ஓட்டி எடுத்தது. 40 வாட் அவருக்குக் கீழே இருப்பதை வெளியே கொண்டுபோய் வேலை செய்ய வாங்காதீர்கள்.

எப்பவும் சார்ஜர்லயே போட்டு வெச்சா பேட்டரி வீணாகுமா?

100 சதவீதத்தில், அதுவும் சூட்டில் நிற்பதுதான் லித்தியம் பேட்டரிக்கு ஆகாதது. லெனோவோ வான்டேஜ், மைஆசஸ் போன்ற கம்பெனி செயலிகளிலோ பயாஸிலோ சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கும். அதைப் போட்டுவிட்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் சார்ஜரில் வைக்கலாம்.

டச்பேட் அழுத்த மறுத்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அமுக்காதீர்கள். அணைத்து சர்வீஸுக்குக் கொண்டு போங்கள்.

வாரண்டியை 3 வருஷத்துக்கு நீட்டிக்கச் சொல்றாங்க. தேவையா?

வீட்டு வரிசையில் தேவை, அதிலும் விபத்துச் சேதம் சேர்ந்த திட்டமாக இருந்தால். சாதாரண வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். தண்ணீர் கொட்டினாலும் திரை உடைந்தாலும் பொருந்தாது. கீல் உடைந்தால் ‘நீங்கதான் உடைச்சீங்க’ என்று வாதம் வரும். விபத்துத் திட்டம் இருந்தால் அந்த வாதமே எழாது.

எழுதி வாங்க வேண்டியவை: நாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா, ஆள் வீட்டுக்கு வருவாரா, பேட்டரிக்கு எத்தனை வருடம் (மற்றதுக்கு 3 இருந்தாலும் பேட்டரிக்கு 1 என்பது சகஜம்), வேறு நாட்டுக்குப் போனால் செல்லுமா, திட்டம் கம்பெனியுடையதா, கடையின் தனித் திட்டமா. வாங்கியதும் சீரியல் எண்ணைக் கம்பெனித் தளத்தில் போட்டு வாரண்டி தொடங்கிய தேதியைப் பாருங்கள். கிடங்கிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். பில்லை அனுப்பினால் திருத்தித் தருவார்கள்.

கேமிங் லேப்டாப் வாங்கி ஆபீஸ் வேலைக்கும் வெச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம், எடையும் சார்ஜர் செங்கல்லும் பேட்டரி சீக்கிரம் தீர்வதும் பரவாயில்லை என்றால். வாங்கும்போது கிராபிக்ஸ் பெயரோடு அதன் வாட்டையும் கேளுங்கள். லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060ஐ என்விடியா 35 முதல் 115 வாட் வரை எதில் வேண்டுமானாலும் ஓட்ட அனுமதிக்கிறது. பெயர் ஒன்று, வேகம் வேறு. மாடல் எண் பற்றிய பதிலில் சொன்ன அதே சங்கதி.

மேக்புக் ரொம்ப வருஷம் வரும்கறாங்களே. காசுக்கு ஏத்ததா?

2020இல் எம்1 சில்லு வந்தபிறகு பேட்டரியும் வேகமும் சேர்ந்து பார்த்தால் ஏற்றதுதான், உங்கள் மென்பொருள் எல்லாம் அதில் ஓடும் என்றால். மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது, தூசித் தொல்லை இல்லை. 2024 அக்டோபர் முதல் ஏரின் அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி வருகிறது. பழைய இருப்பில் 8 ஜிபி வைத்திருந்தால் தவிருங்கள்.

ரேமும் ஸ்டோரேஜும் பிறகு கூட்ட முடியாது, மதர்போர்டு போனால் செலவு பெரிது. விற்பனையை நிறுத்தி 5 வருடம் ஆன மாடலை ஆப்பிள் ‘வின்டேஜ்’ பட்டியலில் சேர்க்கும். 7 வருடம் ஆனால் பொதுவாக ஹார்ட்வேர் சர்வீஸே நின்றுவிடும். பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும்.

ஒரே பட்ஜெட்ல புது சாதா லேப்டாப்பா, பழைய திங்க்பேடா?

பார்த்து வாங்கத் தெரிந்தால் பழைய அலுவலக லேப்டாப். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் 8வது தலைமுறையாவது வேண்டும். அதற்குக் கீழே லினக்ஸ் போடுகிறவர்கள் மட்டும் வாங்கலாம்.

பெரிய ஆபத்து பூட்டு. பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம். விண்டோஸைப் புதிதாக நிறுவி, இணையத்தில் இணைத்ததும் ஏதாவது நிறுவனத்தின் பெயர் போட்டு லாகின் கேட்டால் அது இன்னும் அவர்கள் கணக்கில் இருக்கிறது. எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். பேட்டரி பாதி செத்திருக்கும் என்று வைத்துக்கொண்டே விலை பேசுங்கள்.

பேர் தெரியாத பிராண்டு, ‘12வது தலைமுறை இன்டெல், 16 ஜிபி’ன்னு பாதி விலைக்குத் தர்றாங்க. வாங்கலாமா?

‘12வது தலைமுறை’ என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் என்95 அல்லது என்100 சில்லு இருக்கும். ஒரே தலைமுறைக் குடும்பம்தான், ஆனால் நான்கு சிக்கனக் கோர்கள் (சில்லுக்குள் கணக்குப் போடும் பிரிவுகள்) மட்டும். ஐ5 என்று நினைத்து வாங்காதீர்கள். பாடம் படிக்க, வீடியோ பார்க்கப் போதும்.

சிக்கல் இரண்டாவது வருடத்தில் வரும். அந்த அளவு பேட்டரி எங்கும் கிடைக்காது, கீபோர்டு கிடைக்காது, பயாஸ் அப்டேட் வராது, சர்வீஸ் கையேடு இருக்காது. மூன்று வருடத்துக்கு மேல் வேண்டும் என்றால் மேலே சொன்ன பழைய அலுவலக லேப்டாப்பே மேல்.

வாங்கிட்டேன். திருப்பிக் கொடுக்கற நாள் முடியறதுக்குள்ள என்னென்ன செக் பண்ணணும்?

பெட்டியைத் திறப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். அடிப்பக்க மாடல் எண்ணும் பில்லில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். திரையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களைப் போட்டு, செத்த புள்ளியும் ஓரத்தில் வெளிச்சக் கசிவும் இருக்கிறதா என்று தேடுங்கள். கறுப்பை இருட்டறையில் பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளிக்குப் பல கம்பெனிகள் வாரண்டியில் திரை மாற்றாது, திருப்பிக் கொடுக்கும் காலத்தில்தான் வழி உண்டு.

எல்லா விசையும், எல்லா போர்ட்டும், கேமரா, மைக் சோதியுங்கள். ரேம் சோதனையை ஓர் இரவு ஓட விடுங்கள். விண்டோஸின் பவர்-சிஎஃப்ஜி கட்டளையில் (powercfg /batteryreport) பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, டிசைன் கெப்பாசிட்டியையும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் ஒப்பிடுங்கள். புதிதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். 90 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, சார்ஜ் சுற்று எண்ணிக்கை சில பத்துகளைக் காட்டினாலோ அது ஷோரூமில் ஓடிய மெஷினாகவோ, திரும்பி வந்ததாகவோ இருக்கலாம். கடைசியாக 80 சதவீத சார்ஜோடு இரவில் மூடி வையுங்கள். காலையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் முதலில் பயாஸ் அப்டேட் போட்டு மறுநாள் இரவும் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.